பண்ணையாளும் பெண்சாதியும்

சமீப காலமாக நம் நாட்டில் பழங்காலக் கிராம வாழ்வை நினைத்துப் பெருமூச்சு விடுவது ஒரு நாகரிகமாய் ஏற்பட்டிருக்கின்றது. நூறு வருஷங்களுக்கு முன்பு குடியானவனும் அவன் பெண்சாதியும் விடியற்காலையில் எழுந்து, வயலில் ஒன்றாய் உழைத்து, கூழோ கஞ்சியோ பகிர்ந்து குடித்து, நோய் நொடியின்றி, சண்டை சச்சரவின்றி, போதுமென்ற மனத்துடன் வெகுநாள் வாழ்ந்தார்களாம். பிறகு படிப்பு வந்ததாம், சட்டம் வந்ததாம், உரிமை என்கின்ற பேச்சு வந்ததாம். அந்த இன்பமெல்லாம் போய்விட்டதாம். இப்படியாக மேடைகளில் பேசப்படுகின்றது, புத்தகங்களில் எழுதப்படுகின்றது, கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அந்தக் கூழைக் குடித்தவர்கள் யாராவது இப்படிப் பேசியதுண்டா? குடித்தவன் பேசவில்லை, குடித்தவள் பேசவே இல்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. 1911-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி இந்தியாவில் நூறு பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஏறக்குறைய ஒருத்திதான். அந்த ஒருத்தி நடவு நட்டவள் அல்ல என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. ஆகவே நட்டவள் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கின்ற வர்ணனையெல்லாம் நடவைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் செய்த வர்ணனையே ஆகும். கரையிலிருந்து பார்த்தால் சேறு குளிர்ச்சியாகத்தான் தெரியும்.

ஆதலால் இவ்விஷயத்தில் ஒரு கணக்குப் பார்த்துவிடுவது நலமென்று கருதி, காவிரிப் பாசனத்துத் தஞ்சை ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுகின்றோம். ஏனென்றால் இது வானம் பார்த்த பூமி அல்ல. பஞ்சத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாத ஊர். தென்னாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. நெல் விளையும் ஊரிலேயே நெல் விளைவித்தவன் கதி என்னவென்று தெரிந்துகொண்டால், மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்கவேண்டிய அவசியமே இராது.

யார் குடியானவன்?

முதலாவதாக, "குடியானவன்" என்கின்ற ஒரு வார்த்தைக்குள் பல பேரைப் போட்டு மூடுவதே ஒரு புரட்டு என்போம். இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் தஞ்சையில் நிலத்துக்குடையவன் மிராசுதார். அவன் பெரும்பாலும் ஏரைத் தொட்டவனல்ல. அவனுக்குக் கீழே வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடுகிறவன் ஒருவன். அவனுக்கும் கீழே, எல்லா வேலைக்கும் உரியவனாய், எந்தப் பலனுக்கும் உரியவனல்லாதவனாய் இருந்தவன் பண்ணையாள். இவன் பெரும்பாலும் ஆதிதிராவிடன், இருப்பது சேரி, குடிசை இருக்கும் மனையும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் குடிசையையும் விடவேண்டும். மண் சுவர் இவன் வைத்தது. கீற்று இவள் முடைந்தது. அடியில் இருக்கும் மண் மட்டும் ஆண்டையுடையது. ஆகவே வீடு என்பதாக ஒன்று இவர்களுக்கு இருந்ததென்று சொல்லுவதே தப்பு.

மிராசுதார்களில் பார்ப்பனரும் உண்டு, வேளாளர் முதலிய பார்ப்பனரல்லாதாரும் உண்டு, கோயிலும் மடமும் உண்டு. இதில் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மனுதர்மம் பத்தாவது அத்தியாயத்தில் உழவுத் தொழிலைப் பழித்து, கொழு முனை பூமியையும் அதிலுள்ள ஜந்துக்களையும் ஹிம்சிப்பதால் பெரியோர்கள் அதை இகழ்கிறார்கள் என்று சொல்லுகின்றது. பூமியைப் பிளப்பது பாவம்; பிளந்தவன் கொண்டுவந்து கொட்டும் நெல்லை வாங்கிக்கொள்ளுவது மாத்திரம் பாவமல்ல! பார்ப்பனரல்லாத மிராசுதாரோ குறளில் உழவுக்கென்று ஒரு அதிகாரமே இருக்கின்றதென்று பெருமை பேசிக்கொண்டு, உழுகிறவனைத் தெருவுக்குள் வரவொட்டாமல் நிறுத்தினான். ஒருவர் இகழ்ந்து சாப்பிட்டார், ஒருவர் புகழ்ந்து சாப்பிட்டார். உழுதவனுக்கு இரண்டும் ஒன்றே.

கோயில் நிலத்துச் சங்கதி இன்னும் வேடிக்கை. சாமிக்கு நிவேதனமாகும் நெல்லை உழுது, நட்டு, அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டியவன் அந்தக் கோயிலுக்குள் நுழையக்கூடாது. நெல் போகலாம், நெல்லைத் தொட்ட கை போகக்கூடாது. சென்னை மாகாணத்தில் இதற்கு ஒரு சட்டம் ஏற்பட 1939 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. நெல்லுக்கு ஒட்டாத தீட்டு, விளைத்தவனுக்கு மட்டும் எப்படி ஒட்டிற்று என்று எந்தப் பண்டிதராவது சொல்லுவாரா?

ஆள் கட்டப்பட்ட விதம்

ஒருவன் எப்படிப் பண்ணையாளாகின்றான்? பெரும்பாலும் கலியாணத்தால்தான். பையனுக்குக் கலியாணம் என்றால் மிராசுதாரிடம் சில பத்து ரூபாய் கடன் வாங்குவது. வட்டிக்கு ஈடு உழைப்பு. முதல் தீருவதில்லை. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் வேலை செய்வான். மகன் கலியாணத்துக்குப் புதுக் கடன். இவ்விதமாகத் தாலி கட்டின அன்றைக்கே இரண்டு பேர் கழுத்தில் கயிறு ஏறிற்று. பெண் கழுத்தில் ஏறினது எல்லாருக்கும் தெரிந்தது. புருஷன் கழுத்தில் ஏறினது கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மாத்திரம் தெரிந்தது. கலியாணத்துக்குச் சடங்கும் மேளமும் விருந்தும் அவசியமில்லை என்று சுயமரியாதைக்காரர்கள் சொன்னபோது அதைப் பலர் பரிகாசம் செய்தார்கள். ஒரு நாள் மேளத்துக்காக மூன்று தலைமுறை அடிமைப்படுவதைப் பார்த்திருப்பவர்கள் பரிகாசம் செய்திருக்கமாட்டார்கள்.

"அடிமை என்று சொல்லலாமா? அதைத்தான் வெள்ளைக்காரன் ஒழித்துவிட்டானே" என்று கேட்பார்கள். வாஸ்தவம். 1843-ம் வருஷத்து ஐந்தாவது ஆக்ட், அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளக் கூடாதென்றது. 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு, மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமென்றது. ஆனால் அதே சமயத்தில், 1859-ல், முன்பணம் வாங்கின வேலையாள் வேலை செய்யாவிட்டால் அவனை மாஜிஸ்திரேட்டிடம் இழுக்கலாமென்று வேறொரு சட்டமும் செய்துகொண்டார்கள். 1925-ல்தான் அது ரத்தாயிற்று. ஒரு கையால் விலங்கைக் கழற்றி மறு கையால் கடன் பத்திரத்தை மாட்டினதற்குப் பெயர் விடுதலையென்றால், அந்த விடுதலையைக் கொடுத்தவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கூலி எவ்வளவு, யாருக்கு?

இனிக் கூலியைப் பார்ப்போம். கூலி பணமல்ல, நெல். வேலை உள்ள நாளுக்கு மரக்கால் கணக்கில் அளப்பது. அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் கொடுப்பது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வேட்டி, ஒரு புடவை. ஆணுக்கு ஒரு அளவு; பெண்ணுக்கு அதற்குக் குறைந்த அளவு. சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இந்த நெற்கூலியில் யாரும் கவனிக்காத ஒரு தந்திரம் இருக்கின்றது. அதைத்தான் நாம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

நெல்லை மனிதன் அப்படியே தின்ன முடியாது. மாலையில் அளந்த நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, உமி வேறு, தவிடு வேறு, நொய் வேறாகப் பிரித்து, பிறகு விறகு தேடி, தண்ணீர் சுமந்து, உலை வைத்தால்தான் சோறு. அரிசி மில் கிராமங்களுக்கு வருவதற்கு முன் இவ்வளவும் கைவேலை. யார் கை? அவள் கை. ஆகவே புருஷனுக்கு அளந்த கூலி, கூலியே அல்ல; அது பாதிக் கூலி. மீதிப் பாதியை அவள் இராத்திரியிலும் விடியற்காலத்திலும் உலக்கையால் செய்து முடிக்கவேண்டும். அந்த வேலைக்கு மிராசுதாரும் கூலி கொடுக்கவில்லை, புருஷனும் கொடுக்கவில்லை, அப்படி ஒரு வேலை நடந்ததாக யாரும் நினைக்கவுமில்லை. பகலில் அவள் மிராசுதார் வயலில் நட்டதற்காவது குறைந்த அளவாக ஏதோ அளந்தார்கள். இராத்திரி குத்தினதற்கு ஒரு பிடி கிடையாது. ஒரு மனிதன் உழைப்பை வாங்கி இரண்டு மனிதர் உழைப்பை அடைவதென்பது இதுதான்.

மேலும், வேலை உள்ள நாளுக்குத்தான் கூலி என்றோம். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-ல். அதற்கு முன் மேற்கே மழை பெய்து காவிரியில் தண்ணீர் வந்தால் ஆனி ஆடியில் வேலை துவங்கும். குறுவையும் சம்பாவும் உள்ள மாதங்களில் இடுப்பு நிமிராது. தை மாசியில் அறுப்பு முடிந்தால் பிறகு நாலு மாதம் வயல் வெடித்துக் கிடக்கும். அப்பொழுது என்ன சாப்பிடுவது? வாய்க்காலில் நண்டு, நத்தை, வயலில் எலி, கீரை. அதுவும் இல்லாவிட்டால் மறுபடியும் மிராசுதாரிடம் நெற்கடன். இதில் நண்டு பிடிப்பதும் கீரை பறிப்பதும் யார் பொறுப்பு? மறுபடியும் அவள்தான். சட்டியில் உள்ளதை முதலில் புருஷனுக்கும் பிறகு பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, அடியில் நின்றதைத் தான் குடிப்பதற்குப் பதிவிரதாதர்மம் என்று பெயர் வைத்திருக்கின்றோம். பசிக்கு ஒரு தர்மப் பெயர் வைத்துவிட்டால் பிறகு யார் கேட்பார்?

நோயில்லாமல் வாழ்ந்தார்களா?

பழைய காலத்தில் நோயே இல்லை, நூறு வயது இருந்தார்கள் என்பது இன்னொரு புளுகு. நூறு வயது இருந்த ஒரு கிழவனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கின்றது; ஒரு வயதில் செத்த பத்துக் குழந்தைகளை யாருக்கும் ஞாபகம் இல்லை. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 20 வருஷமே என்று ஜனக்கணிதத்தைக்கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். 1918-ல் வந்த விஷக்காய்ச்சலில் மாத்திரம் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காலரா வந்தால் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினார்கள். குடிக்கிற குளத்தை யாரும் சுத்தம் செய்யவில்லை. ஊர்க் கிணற்றில் சேரியாள் மொள்ளக்கூடாது என்பதால் அந்தக் குட்டையைத் தவிர அவர்களுக்கு வேறு வழியுமில்லை. பிள்ளைப்பேறு குடிசைக்குள், ஒரு கிழவி கையால். தொப்புளறுத்த கத்தியே பல குழந்தைகளுக்கு யமனாயிற்று. தாய் செத்தால் அவள் விதி. பிள்ளை செத்தால் அதன் விதி. விதி என்பது வைத்தியசாலை இல்லாத குறையை மறைப்பதற்காகக் கட்டப்பட்ட ஒரு திரை என்பதல்லாமல் வேறென்ன?

ஆண்டை தகப்பனைப்போல் காத்தாரா?

இதற்கெல்லாம் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். "ஆண்டை தகப்பனைப்போல் இருந்தார், நல்லது கெட்டதுக்கு நெல் கொடுத்தார், துணி கொடுத்தார்" என்பது. மாட்டுக்கும்தான் வைக்கோலும் பருத்திக்கொட்டையும் கொடுத்தார்கள். பொங்கலன்று மஞ்சள் பூசி மாலைகூடப் போட்டார்கள். அதனால் மாடு மகனாகிவிட்டதா? தகப்பன் மகனைச் சவுக்காலடிப்பானா? சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவானா? தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கி வந்தன. 1940-களில் சீனிவாசராவ் முதலியவர்கள் முன்னின்று விவசாயிகள் சங்கம் கட்டிப் போராடின பிறகுதான் அது நின்றது. அறுபது வயதுப் பண்ணையாளை ஆறு வயதுப் பிள்ளை "டேய்" என்று கூப்பிடும். அவர் "சின்ன ஆண்டே" என்று குனிய வேண்டும். இதுவா தகப்பன் வீட்டு முறை?

அவ்வளவு இன்பமாக இருந்தது மெய்யானால் நாம் மற்றொன்று கேட்கின்றோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறினவர்கள் யார்? பினாங்குக்கும் மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களுக்கும் தஞ்சை, திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆணும் பெண்ணும் கூட்டங்கூட்டமாய்ப் போனார்கள். ஒப்பந்தக் கூலி முறை அங்கு 1910-ல் நிறுத்தப்பட்ட பிறகும் கங்காணிகள் வந்து அழைத்துக்கொண்டுதான் போனார்கள். தோட்டத்தில் காய்ச்சலும் பாம்பும் தொரையின் பிரம்பும் காத்திருக்கின்றன என்று தெரிந்தே போனார்கள். அப்பொழுது மிராசுதார்கள், ஆள் கிடைப்பதில்லை, கூலிக்காரனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று முறையிட்டார்கள். சொர்க்கத்திலிருந்து கடல்தாண்டி ஓடினவர்களை நாம் எந்தப் புராணத்திலும் கேள்விப்பட்டதில்லை.

கடவுளாவது உதவினாரா என்றால், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பார்க்கலாம். சிதம்பரம் போக உத்தரவு வேண்டுமென்றால் நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. உடனே சிவபெருமான் தமது கணங்களை அனுப்பி ஒரே இராத்திரியில் வேலையை முடித்துவிடுகிறார். யாருடைய வேலையை? ஆண்டையுடைய வேலையை! நிலம் நாற்பது வேலியில் ஒரு குழியாவது நந்தனுக்கு வரவில்லை. கடவுளே வந்தாலும் மிராசுதாருக்கு ஒரு நாள் கூலியில்லாத ஆளாகத்தான் வருகிறார் என்றால், அந்தக் கடவுளைப் பண்ணையாள் நம்பி என்ன பலன்?

பண்ணையாளின் பண்ணையாள்

இதுவரை பெரும்பாலும் இருவருக்கும் பொதுவான சங்கதி சொன்னோம். இனிப் பலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். மிராசுதாருக்குப் புருஷன் பண்ணையாள். புருஷனுக்குப் பெண்சாதி பண்ணையாள். வயலில் தலைகுனிந்தவன் குடிசைக்கு வந்தவுடன் ஆண்டையாகின்றான். சவுக்கடி வாங்கின முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பவளையே கோபத்துக்கு அடிக்கின்றான். இதைக் குடும்ப வழக்கமென்று சொல்லி மறைத்துவிடக்கூடாது. அடிமைத்தனம் என்பது மேலிருந்து கீழே படிப்படியாய் இறங்கும் தன்மையுடையது. கடைசிப் படியில் இருந்தவள் அவளே.

இதை ஏற்படுத்தினவன் யாரென்றால், மனுதர்மம் எட்டாவது அத்தியாயத்தில் அதற்கு விடை இருக்கின்றது. பெண்சாதி, பிள்ளை, அடிமை ஆகிய மூவருக்கும் சொத்து கிடையாதென்றும், அவர்கள் சம்பாதிப்பதெல்லாம் அவர்களை உடையவனுக்கே சேருமென்றும் அங்கே விதித்திருக்கின்றது. பெண்சாதியையும் அடிமையையும் ஒரே வரியில் ஒரே நுகத்தில் பூட்டினவர்களுக்கு அவ்விருவரும் ஒன்றென்பது நன்றாய்த் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. அடிமையாயிருந்த பண்ணையாள் தன்னைக் கட்டின அதே கயிற்றின் மறு நுனி தன் பெண்சாதி கழுத்தில் இருப்பதைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அதைத் தன் கையில் பிடித்துக்கொண்டான்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். சேரிப் பெண்ணுக்கும், உழைக்கிற பல ஜாதிப் பெண்களுக்கும், அக்கிரகாரத்துப் பெண்ணுக்கில்லாத ஒரு சுதந்திரம் இருந்தது. புருஷன் செத்தாலோ, ஒத்துப்போகாவிட்டாலோ அறுத்துக் கட்டிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. மொட்டையடித்து மூலையில் உட்காரவைப்பது இல்லை. காரணமென்ன? ஜாதியின் பெருந்தன்மையா? இல்லை. அவள் கை சம்பாதிக்கும் கை. சம்பாதிக்கிறவளை மூலையில் வைத்துப் பூட்டினால் நஷ்டம். ஆகவே பெண்ணின் சுதந்திரத்துக்கு வேர் சாஸ்திரத்தில் இல்லை, அவள் சம்பாத்தியத்தில் இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நடந்தது என்ன? இந்த உழைக்கிற ஜாதிகளில் எந்தக் குடும்பமாவது நாலு காசு சேர்த்துத் தலையெடுத்தால், அது செய்த முதல் காரியம், வயலுக்குப் போகும் பெண்ணை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தது. இரண்டாவது காரியம், அறுத்துக் கட்டும் வழக்கத்தை இழிவென்று விட்டது. கௌரவம் வந்ததற்கு அடையாளம் பெண்ணைப் பூட்டுவது! மேல்ஜாதியானிடமிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்க, அவன் படிப்பை விட்டு அவன் பூட்டை வாங்கிக்கொண்ட புத்தியை என்னவென்பது?

கணக்கில் வராத உழைப்பு

சர்க்காரும் இவ்விஷயத்தில் சாஸ்திரத்தையே பின்பற்றிற்று. 1931-ம் வருஷத்து ஜனக்கணிதத்தில் மக்களைச் சம்பாதிப்பவர் என்றும், வேலை செய்தும் பிறர் ஆதரவில் இருப்பவர் என்றும், வேலையில்லாமல் ஆதரவில் இருப்பவர் என்றும் பிரித்தார்கள். இந்த இரண்டாவது வகுப்பைச் சற்று கவனிக்கவேண்டும். வேலையும் செய்வாளாம், பிறர் ஆதரவிலும் இருப்பாளாம்! அவள் யார் ஆதரவில் இருந்தாள்? அல்லது அவள் ஆதரவில் யார் இருந்தார்? குத்தின அரிசியைச் சாப்பிட்டவன் ஆதரிப்பவன், குத்தினவள் ஆதரிக்கப்படுகிறவள்! கணக்கெடுத்தவர்கள் வீட்டிலும் சமையல் நடந்திருக்கும் அல்லவா?

சொத்துச் சட்டத்தின் கதையும் இதேதான். 1929-ல் செங்கற்பட்டில் கூடின சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தபோது, குடும்பம் சிதறிப்போகும், நிலம் துண்டாகும் என்றார்கள். ஆண் மக்கள் ஐந்து பேர் பங்கு பிரித்தால் துண்டாகாத நிலம், பெண் ஒருத்தி கேட்டால் துண்டாகிவிடுமாம்! பிறகு 1937-ல் விதவைகளுக்கு ஆயுள்கால அளவில் ஒரு உரிமை கொடுத்துச் சட்டம் வந்தது. 1941-ல் பெடரல் கோர்ட்டார் அந்தச் சட்டம் மாகாணங்களிலுள்ள விவசாய நிலங்களுக்குச் செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். அதாவது பெண்ணுக்கு எல்லாவற்றிலும் பங்குண்டு, எதில் அவள் உழைத்தாளோ அதில் மாத்திரம் இல்லை. அதைச் சரிப்படுத்தச் சென்னை மாகாணத்தில் 1947-ல் தனியாக ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுவதற்கும் 2005-லும்தான் வந்தது. 1929-ல் கேட்டது 60 வருஷம் கழித்துக் கிடைத்தது. இந்த அறுபது வருஷத்தில் எத்தனை லட்சம் பெண்கள் நட்டார்கள், நட்டபடியே செத்தார்கள்!

எது மாற்றிற்று?

பண்ணையாள் முறை எதனால் ஒழிந்தது? மிராசுதாருக்கு இரக்கம் பிறந்ததாலா? பண்ணையாளின் முன்ஜென்ம பாவம் தீர்ந்ததாலா? இல்லை. சங்கம் கட்டினார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனைகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தமாகச் சட்டம் வந்தது. அதாவது சுவர் வைத்தவனுக்குச் சுவருக்கடியிலுள்ள மண் கிடைக்க அத்தனை காலம் பிடித்தது. இடையில் 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இராத்திரி கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்கள் முடிவில் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். பழங்காலத்து ஆண்டை–ஆள் பாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தச் சாம்பலைத் தாண்டித்தான் பேசவேண்டும்.

அதே பிரதேசத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் லாப்டி என்னும் ஸ்தாபனத்தைத் துவக்கி, நிலமில்லாத ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததையும், அதைப் பெண்கள் பேரில் பதிவு செய்ததையும் இங்கு சொல்லவேண்டும். அவர்கள் சர்வோதயக்காரர்கள், நமக்கும் அவர்களுக்கும் கொள்கையில் பல வித்தியாசங்கள் உண்டு. ஆனாலும் நிலப் பத்திரம் யார் பேரில் இருக்கவேண்டுமென்பதில் அவர்கள் கண்ட வழி சரியான வழியென்றே சொல்லுவோம்.

"இதெல்லாம் பழங்கதை, இப்பொழுது எதற்கு?" என்று கேட்கலாம். பழங்கதையாகி இருந்தால் நமக்கும் சந்தோஷமே. 2015–16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பேரில் இருப்பது நூற்றுக்குப் 14-க்கும் கொஞ்சம் குறைவு. நாற்று நடுவது யார், களை எடுப்பது யார் என்று எந்த வரப்பில் நின்று பார்த்தாலும் தெரியும். 2019-ல் சர்க்காரே எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதற்காகச் செலவிடுவது 299 நிமிஷம், ஆண் செலவிடுவது 97 நிமிஷம் என்று கண்டிருக்கிறார்கள். உலக்கை போய் மில் வந்தது. மில் போய்க் கடையில் அரிசி வந்தது. ஆனால் அவளுக்கு மிச்சமான நேரம் எங்கே போயிற்று? சம வேலைக்குச் சம கூலி என்று 1976-ல் சட்டம் செய்த பிறகும், வயலில் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்பது நின்றபாடில்லை. சர்க்கார் உதவித்தொகை கொடுக்கின்றது என்றால், பட்டா யார் பேரில் என்று கேட்கிறார்கள். பட்டா புருஷன் பேரில். அவன் செத்தால் மகன் பேரில். நட்டவளுக்கு ரேஷன் கார்டில் மாத்திரம் பேர்.

ஆகவே பழங்காலத்துக் குடியானத் தம்பதிகளின் இன்பத்தைப் பாடுகிறவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது என்னவென்றால், அந்த இன்பத்தைப் பாடுவதால் செத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இருக்கிறவர்களுக்கு நஷ்டம் உண்டு. "அவர்கள் கேட்காமலே வாழ்ந்தார்கள்" என்பதன் கருத்து, "நீயும் கேட்காதே" என்பதுதான். இப்பேச்சு யாருக்கு அனுகூலமோ அவர்களே இதைப் பரப்புகிறார்கள்.

உழைக்கிற ஆண் மக்களுக்கும் ஒரு வார்த்தை. மிராசுதாரிடம் மனைப்பட்டா கேட்டபோது, "நாங்கள் உழைத்த மண்" என்றீர்கள். அது நியாயமான பேச்சு. அதே நியாயத்தை உங்கள் வீட்டு அடுப்படியில் ஒருத்தி கேட்டால் அது எப்படி அநியாயமாகும்? இன்றைக்கே உங்கள் நிலத்துப் பட்டாவிலும் வீட்டுப் பத்திரத்திலும் பெண்சாதி பேரைச் சேர்த்து எழுதுங்கள். பெண்ணுக்குப் பங்கு கொடுத்து எழுதுங்கள். அண்ணன்மார்களுக்காக அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகின்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, சாமி உத்தரவும் வேண்டியதில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஒரு நடை போனால் போதும்.

அதைச் செய்ய மனமில்லாதவர்கள் மிராசுதாரைக் குறை சொல்லும் யோக்கியதையை இழந்தவர்களே ஆவார்கள் என்பது நமது அபிப்பிராயம்.